விளையாட்டும் வேலியும்



இறைவாக்கினர் செக்கரியா நூலின் எட்டாம் அதிகாரத்தில் ஒரு காட்சி வருகிறது. பாபிலோனிலிருந்து திரும்பி வந்த மக்கள் இடிபாடுகளுக்கு நடுவே நிற்கிறார்கள். கோவில் வேலை இன்னும் முடியவில்லை. ஆண்டவர் எருசலேமில் மீண்டும் குடிகொள்ளும்போது அந்த நகரம் எப்படி இருக்கும் என்று இறைவாக்கினர் அவர்களுக்குச் சொல்கிறார். முதியவர்கள் கையில் கோலோடு தெருக்களில் அமர்ந்திருப்பார்களாம். நகரத் தெருக்கள் விளையாடும் சிறுவர் சிறுமியரால் நிறைந்திருக்குமாம். படைபலத்தையோ பொன்னையோ அவர் அந்த இடத்தில் பேசவில்லை. விளையாடும் பிள்ளைகளையும், அவர்கள் கண்ணுக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களையும் ஒரே காட்சியில் வைத்துக் காட்டுகிறார். இன்றைய சிந்தனைக்கு இந்த இரண்டும் சேர்ந்தே தேவைப்படுகின்றன.

நான்கு வயது மகனுக்குத் தாயான நேயர் ஒருவர் நமக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். மகன் படிக்கும் மழலையர் பள்ளியில் எழுத்து வேலை எதுவும் தருவதில்லை. பயறு பிரிக்கிறார்கள், ஒரு செம்பிலிருந்து இன்னொரு செம்புக்குத் தண்ணீர் ஊற்றுகிறார்கள், மரக்கட்டைகளை அடுக்குகிறார்கள். "தெருவில் சும்மா கிடைக்கிற விளையாட்டுக்கு நாம் ஏன் பணம் கட்ட வேண்டும்?" என்பது கணவரின் கேள்வி. பக்கத்து வீட்டுப் பிள்ளை நூறு வரை எழுதுகிறது. ஆகவே ஜூன் மாதம் வேறு பள்ளிக்கு மாற்றிவிடுவதென்று அவர் முடிவே செய்துவிட்டார். மாமியாரோ இதற்கு நேர் எதிர். பேரன் தம்ளரைத் தூக்கி எறிந்தாலும் சிரிக்கிறார்; "சின்னப்பிள்ளை, அதை ஏன் அடக்குகிறாய்?" என்கிறார். "எவ்வளவு விடுவது, எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை, ஃபாதர். இரண்டு பேருக்கும் நடுவில் என் பிள்ளைதான் குழம்பிப் போகிறான்" என்று அந்தச் சகோதரி முடித்திருந்தார்.

இது ஒரு வீட்டுப் பிரச்சனை மட்டும் என்று நமக்குத் தோன்றவில்லை. இதற்கு விடை தேட, குழந்தைகளோடு தரையில் உட்கார்ந்து பல ஆண்டுகள் பார்த்தவர் ஒருவரிடம் போவோம். மாண்டிசோரி என்ற சொல்லை நம் ஊர்களில் பள்ளிப் பெயர்ப்பலகைகளில் பார்த்திருப்பீர்கள். அது ஓர் அம்மையாரின் பெயர். அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்கிறார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். வெளியே பலகையில் மாண்டிசோரி, உள்ளே போனால் வரிசை பெஞ்சும் நாலு கோடு நோட்டும்தான்.

மரியா மாண்டிசோரி 1870-ஆம் ஆண்டு இத்தாலியில் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தார். 1896-இல் உரோமைப் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். நம் மண்ணோடும் அவருக்கு உறவு உண்டு. 1939-ஆம் ஆண்டின் இறுதியில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருவதற்காகச் சென்னை அடையாறுக்கு வந்தார். சில மாதங்களில் திரும்பிவிடலாம் என்பது திட்டம். 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும், இத்தாலியர் என்ற காரணத்தால் ஆங்கில அரசு அவருடைய மகனைக் காவல் முகாமில் அடைத்தது. அவரை அடையாறு வளாகத்தை விட்டு வெளியேறக் கூடாது என்றது. அவருடைய 70-ஆவது பிறந்த நாளன்று மகனை விடுவித்தார்கள். ஆனாலும் 1946 வரை அவரால் ஐரோப்பாவுக்குத் திரும்ப முடியவில்லை. கொடைக்கானலில் சில ஆண்டுகள் தங்கியிருந்து, அங்கேயும் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டும் பாடம் சொல்லிக்கொண்டும் இருந்தார். சுதந்திரத்தையும் எல்லையையும் பற்றி எழுதியவர், போர் போட்ட எல்லைக்குள்ளேயே ஏழு ஆண்டுகள் நம்மிடையே வாழ்ந்திருக்கிறார்.

அவருடைய வேலை தொடங்கியது உரோமை நகரின் சான் லொரென்சோ என்னும் ஏழைகள் குடியிருப்பில். அங்கே பாதியில் நின்றுபோயிருந்த கட்டடங்களை ஒரு நிறுவனம் வாங்கிச் சீர்ப்படுத்தித் தொழிலாளர் குடும்பங்களுக்கு வாடகைக்கு விட்டது. தாய் தகப்பன் இருவரும் காலையிலேயே வேலைக்குப் போய்விடுவார்கள். பள்ளி வயதுக்கு வராத பிள்ளைகள் படிக்கட்டுகளிலும் முற்றத்திலும் திரிந்து, வெள்ளையடித்த சுவர்களைக் கிறுக்கிக் கெடுத்தார்கள். ஒவ்வொரு முறையும் சுவரைச் சரிசெய்வதைவிட, பிள்ளைகளை ஓர் அறையில் வைத்துப் பார்த்துக்கொள்ள ஆள் போடுவது மலிவு என்று உரிமையாளர்கள் கணக்குப் போட்டார்கள். உலகம் முழுவதும் பரவிய ஒரு கல்வி முறை, சுவருக்கு வெள்ளையடிக்கும் செலவை மிச்சம் பிடிக்கத் தொடங்கியது என்பது வேடிக்கைதான். 1907 ஜனவரி 6, ஆண்டவரின் திருக்காட்சிப் பெருவிழா அன்று அந்த அறை திறக்கப்பட்டது. ஏறக்குறைய ஐம்பது குழந்தைகள். ஆசிரியப் பயிற்சி எதுவும் இல்லாத, அதே கட்டடக் காவலாளியின் மகள்தான் முதல் ஆசிரியை.

தொடக்கத்தில் விளையாட்டுக் கருவிகளை ஒரு பெரிய அலமாரியில் வைத்துப் பூட்டியிருந்தார்கள். ஆசிரியை எடுத்துக் கொடுப்பார், பிறகு வாங்கி உள்ளே வைப்பார். ஒரு நாள் அலமாரியைப் பூட்ட மறந்துவிட்டார்கள். மறுநாள் ஆசிரியை தாமதமாக வந்தபோது, பிள்ளைகளே அலமாரியைத் திறந்து, வேண்டியதை எடுத்துக்கொண்டு வேலையில் ஆழ்ந்திருந்தார்கள். இதைத் திருட்டுப் புத்தி என்று ஆசிரியை நினைத்தார். பிள்ளைகளுக்குத் தங்களுக்கு வேண்டியது எதுவென்று தெரிந்திருக்கிறது என்று மாண்டிசோரி நினைத்தார். அதன் பிறகு பெரிய அலமாரி போயிற்று. குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் தட்டுகள் வந்தன.

இன்னொரு நாள், மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி மரக்கட்டையில் உள்ள குழிகளில் உருளைகளைப் பொருத்திக்கொண்டிருந்தாள். ஒவ்வோர் உருளையும் அதற்குரிய குழியில் மட்டும்தான் சரியாக உட்காரும். பொருத்தினாள், எடுத்துக் கலைத்தாள், மறுபடி பொருத்தினாள். மற்றப் பிள்ளைகளைப் பாடச் சொல்லிப் பார்த்தார் அம்மையார், அவள் நிமிரவில்லை. அவளை நாற்காலியோடு தூக்கி மேசைமேல் வைத்தார். கருவியை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயும் தொடர்ந்தாள். நாற்பது முறைக்கு மேல் செய்துவிட்டுத் தானாகவே நிறுத்தினாள். நல்ல தூக்கத்திலிருந்து எழுந்தவள்போல முகம் மலர்ந்து சுற்றிலும் பார்த்தாளாம்.

இந்தச் செய்தியை இப்படியே கேட்டால், பிள்ளையை அதன் போக்கில் விட்டால் போதும் என்று எண்ணத் தோன்றும். அன்றைக்கும் பல ஆசிரியைகள் அப்படித்தான் எண்ணினார்கள். அடிக்கக் கூடாது, அதட்டக் கூடாது என்று கேட்டவர்கள், எதையும் கண்டுகொள்ளாமல் நின்றுவிட்டார்கள். ஒரு பிள்ளை மேசைமேல் காலைப் போட்டது. ஒன்று மூக்கை நோண்டியது. ஒன்று பக்கத்துப் பிள்ளையைத் தள்ளியது. ஆசிரியைகள் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். மாண்டிசோரி உடனே குறுக்கிட்டார். மற்றவரைத் துன்புறுத்துவதையும் முரட்டுத்தனத்தையும் முழு உறுதியோடு தடுத்தாக வேண்டும். அப்படிச் செய்தால்தான் நன்மை எது, தீமை எது என்று பிள்ளைக்குப் படிப்படியாகப் புரியும் என்பது அவர் கருத்து. அமைதியாக உட்கார்ந்திருப்பதே நல்ல பிள்ளை, ஓடியாடினால் கெட்ட பிள்ளை என்று பழைய பள்ளி சொல்லிக் கொடுத்திருந்தது. அந்தக் கோட்டை அவர் அழித்தார். அழித்த இடத்தில் வேறொரு கோட்டைப் போட்டார்: நீ எதை வேண்டுமானாலும் செய்யலாம், அது அடுத்தவருக்கு இடறலாக இல்லாதவரை.

அதே நூலில் அவர் சொல்லும் இன்னொரு நிகழ்ச்சி நம்மைப் போன்ற நல்ல மனதுக்காரர்களுக்கானது. ஒரு தொட்டித் தண்ணீரில் சில பொம்மைகள் மிதக்கின்றன. பிள்ளைகள் சுற்றி நின்று கும்மாளமிடுகிறார்கள். இரண்டரை வயதுச் சிறுவன் ஒருவன் பின்னால் நிற்கிறான், அவனுக்குத் தெரியவில்லை. கூட்டத்துக்குள் நுழையப் பார்த்தான், முடியவில்லை. கொஞ்ச நேரம் நின்று யோசித்தான். அறையின் ஓரத்தில் ஒரு சிறு நாற்காலி கண்ணில் பட்டது. அதை இழுத்து வந்து ஏறி நின்று பார்க்கலாம் என்ற எண்ணம் முகத்தில் ஒளிவிட, அதை நோக்கி நடந்தான். அந்த நேரம் பார்த்து ஆசிரியை ஓடி வந்து, இரக்கத்தோடு அவனைத் தூக்கிப் பிடித்துப் பொம்மைகளைக் காட்டினார். அவன் பொம்மைகளைப் பார்த்தான். ஆனால் அவன் முகத்திலிருந்த ஒளி போய்விட்டது. தடையைத் தானே தாண்டும் மகிழ்ச்சியை ஆசிரியையின் இரக்கம் பறித்துக்கொண்டது.

நாம் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டிவிடுகிறோம், சட்டை மாட்டிவிடுகிறோம், செருப்பைக் காலில் போட்டுவிடுகிறோம், புத்தகப் பையையும் நாமே சுமக்கிறோம். செல்லம் என்று நினைக்கிறோம். அது அந்தப் பிள்ளையின் சுதந்திரத்தில் கை வைப்பதும்கூட. நம் அவசரத்துக்காகத்தான் பெரும்பாலும் அதைச் செய்கிறோம் என்பதை ஒத்துக்கொள்வது நல்லது. பள்ளி வேன் காத்திருக்கும்போது நான்கு வயதுப் பிள்ளை தானே பொத்தான் போடட்டும் என்று எந்தத் தாயால் நிற்க முடியும்? பத்து நிமிடம் முன்னதாக எழுப்பினால்தான் முடியும்.

சரி, எல்லையை எப்படிப் போடுவது? மாண்டிசோரி கண்ட வழியில் நமக்கு மிகவும் பிடித்தது, எல்லையை வாயில் வைக்காமல் பொருளில் வைத்தது. அந்தச் சிறுமியின் உருளைகளை எண்ணிப் பாருங்கள். தவறான குழியில் போட்டால் கடைசியில் ஓர் உருளைக்கு இடம் இருக்காது. "தப்பு" என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. வகுப்பறையில் எந்தக் கருவியும் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். அதை ஒரு பிள்ளை எடுத்திருந்தால் மற்றது காத்திருக்க வேண்டும். முடித்ததும் எடுத்த இடத்தில் வைத்தால்தான் அடுத்த பிள்ளைக்குக் கிடைக்கும். பாயை விரித்தால் அந்தப் பாய் அளவுதான் உன் இடம். அடுத்தவர் பாயை மிதிக்கக் கூடாது. தம்ளரும் தட்டும் உடையக்கூடியவையாக இருந்தன. பிளாஸ்டிக் தம்ளர் பத்து முறை விழுந்தாலும் பிள்ளைக்கு எதையும் சொல்லாது. கண்ணாடி ஒரு முறை விழுந்தால் சொல்லிவிடும்.

இதில் புதுமை என்று சொல்ல என்ன இருக்கிறது? நம் தெருப் பிள்ளைகளுக்கு இது எப்போதோ தெரியும். பாண்டி ஆடும்போது கோட்டை மிதித்தால் ஆட்டம் போயிற்று. கண்ணாமூச்சியில் எண்ணி முடிக்கும்வரை கண்ணைத் திறக்கக் கூடாது. பல்லாங்குழியில் ஒரு காயைக் கூடுதலாகப் போட்டுவிட முடியாது, எதிரே இருப்பவள் எண்ணிக்கொண்டே இருப்பாள். ஒருவன் கள்ளாட்டம் ஆடினால் மற்றவர்கள் எப்படிக் கொதித்தெழுகிறார்கள் என்று பாருங்கள். எல்லை இல்லாத விளையாட்டைப் பிள்ளைகள் தாங்களே விளையாடுவதில்லை. கோடு போட்டுவிட்டுத்தான் ஆட்டத்தைத் தொடங்குகிறார்கள். நம் பிள்ளைத்தமிழ் இலக்கியத்தில் ஆண்பால் பருவங்களின் கடைசி மூன்றில் ஒன்று சிற்றில். சிறுமியர் மணலில் சிறு வீடு கட்டி விளையாடுகிறார்கள். ஓடிவரும் சிறுவனிடம் அதைக் காலால் சிதைத்துவிடாதே என்று மன்றாடுகிறார்கள். ஓடுவதற்கு அவனுக்கு முழு உரிமை உண்டு. மணல் வீடு தொடங்கும் இடத்தில் அந்த உரிமை நின்றுவிடுகிறது. குழந்தைப் பருவத்தைப் பாட வந்த தமிழ்ப் புலவர்கள் இந்த ஒரு கணத்துக்கென்றே ஒரு பருவத்தை ஒதுக்கியிருக்கிறார்கள்.

திருவிவிலியத்தைத் திறந்தால், தொடக்கநூல் இரண்டாம் அதிகாரத்திலும் இதே ஒழுங்கைக் காண்கிறோம். ஆண்டவர் முதலில் ஒரு தோட்டம் அமைக்கிறார். பார்வைக்கு அழகான, உண்பதற்குச் சுவையான மரங்களை வளர்க்கிறார். அதன் பிறகுதான் மனிதனை அதில் கொண்டுவந்து வைக்கிறார். பேசும்போதும் அனுமதி முதலில் வருகிறது: தோட்டத்து மரங்கள் எல்லாவற்றிலிருந்தும் உண்ணலாம். தடை பிறகு வருகிறது, அதுவும் ஒரே ஒரு மரத்துக்கு, காரணத்தோடு. பாம்பு வந்து ஏவாளிடம் பேசும்போது செய்த தந்திரம் என்ன? எந்த மரத்திலிருந்துமே உண்ணக்கூடாது என்று கடவுள் சொன்னாரா என்று கேட்டது. அனுமதியை மறைத்துத் தடையைப் பெரிதாக்கிக் காட்டியது. காலையில் எழுந்தது முதல் "தொடாதே, ஓடாதே, ஏறாதே, கொட்டாதே" என்று மட்டும் கேட்டு வளரும் பிள்ளையின் காதில் விழுவது தோட்டத்தின் குரலா, பாம்பின் குரலா என்று எண்ணிப் பாருங்கள்.

விளையாட்டைத் திருச்சபை சந்தேகத்தோடு பார்த்ததாகச் சிலர் சொல்வதுண்டு. புனித அகுஸ்தீனார் தம் ஒப்புதல்கள் நூலின் முதல் பகுதியில், சிறுவனாக இருந்தபோது பந்து விளையாடியதற்காகத் தம்மை அடித்த ஆசிரியர்களைப் பற்றி எழுதுகிறார். படிப்பைவிட விளையாட்டை விரும்பியது தம் குற்றம் என்று ஏற்றுக்கொள்கிறார். ஆனால் பெரியவர்களின் விளையாட்டுக்கு மட்டும் தொழில் என்று பெயர் சூட்டிக்கொள்கிறார்களே, அவர்களை யார் அடிப்பது என்றும் கேட்காமல் விடவில்லை. புனித தாமஸ் அக்குவினாஸ் தம் இறையியல் தொகுப்பில், உடலுக்கு ஓய்வு தேவைப்படுவதுபோல ஆன்மாவுக்கு விளையாட்டு தேவைப்படுகிறது என்கிறார். அதற்கு மூன்று வரம்புகளையும் குறிக்கிறார்: பிறருக்குக் கேடு செய்வதாகவோ இழிவானதாகவோ இருக்கக் கூடாது, மனதின் சமநிலை அடியோடு குலையக் கூடாது, ஆளுக்கும் வேளைக்கும் பொருந்த வேண்டும். அவர் பேசுவது பெரியவர்களைப் பற்றி. என்றாலும் நான்கு வயதுப் பிள்ளைக்கு இதைவிட அதிகமான சட்டம் வேண்டாம் என்றே நமக்குத் தோன்றுகிறது.

இனி அந்தக் கணவரின் கேள்விக்கு வருவோம். பணம் கட்டி அனுப்புகிறவர் கேட்பது நியாயம். அவர் மகன் செம்பில் தண்ணீர் ஊற்றும்போது சிந்தாமல் ஊற்ற மணிக்கட்டைத் திருப்பிப் பழகுகிறான். பயறு பிரிக்கும்போது கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் சேர்கின்றன. பின்னாளில் பென்சில் பிடிக்கப்போவது அந்த இரண்டு விரல்களும் நடுவிரலும்தான். மணிக்கட்டு எலும்புகள் நான்கு வயதில் முழுமையாக உருவாகி முடிவதில்லை; பல ஆண்டுகள் எடுத்துக்கொள்கின்றன. அந்தக் கையைப் பிடித்து நூறு வரை எழுத வைத்தால் பிள்ளை எழுதும், கூடவே எழுத்தின்மேல் ஒரு வெறுப்பையும் சேர்த்து எழுதிக்கொள்ளும். சான் லொரென்சோவில் உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்துகளைப் பிள்ளைகள் விரலால் தடவிப் பழகினார்கள். அப்படித் தடவிப் பழகிய பிறகு ஒரு நாள், யாரும் எழுதச் சொல்லாமலே, ஒரு பிள்ளை சுண்ணக்கட்டியை எடுத்துத் தரையில் எழுதத் தொடங்கியது. அதைப் பார்த்து மற்றவையும் எழுதின. நம் திண்ணைப் பள்ளிகளிலும் மணலில் விரலால் எழுதிய பிறகுதான் ஓலைக்குப் போனார்கள். நூறு எண்ணை எழுதும் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் ஏழு புளியங்கொட்டை எடுத்துத் தரச் சொல்லிப் பாருங்கள். எடுத்துத் தந்தால் மகிழ்ச்சி. தராவிட்டால், அது எழுதியது எண்ணை அல்ல, கோலத்தை. நம் தேசியக் கல்விக் கொள்கையும் 2020-இல் மூன்று முதல் எட்டு வயது வரையுள்ள காலத்துக்கு விளையாட்டு வழிக் கற்றலையே சொல்கிறது. ஒன்று மட்டும் அந்தத் தந்தை விசாரிக்கலாம்: எடுத்த பொருளை மகன் திரும்ப வைக்கிறானா, தன் முறைக்குக் காத்திருக்கப் பழகுகிறானா என்று ஆசிரியையிடம் கேட்கட்டும். இரண்டுக்கும் இல்லை என்ற பதில் வந்தால், அப்போது பள்ளியை மாற்றுவதைப் பற்றி யோசிப்பதில் பொருள் இருக்கிறது.

மாமியார் அம்மாவுக்கும் ஒரு வார்த்தை. தம்ளரைப் பேரன் எறியும்போது சிரித்தால், எறிவது ஒரு நல்ல விளையாட்டு என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததாகிறது. தாய் அடிக்க, பாட்டி சிரிக்க, எல்லை எங்கே இருக்கிறது என்று பார்க்க அவன் இன்னொரு முறை எறிவான். இதைப் பிடிவாதம் என்கிறோம். பாதிக்குப் பாதி அது ஆராய்ச்சிதான். சத்தம் போட வேண்டாம், கதை சொல்ல வேண்டாம். "தம்ளர் தண்ணீர் குடிக்க. எறிய வேண்டுமென்றால் வாசலில் பந்து இருக்கிறது" என்று சொல்லிக் கையைப் பிடித்து அழைத்துப் போங்கள். கொட்டிய தண்ணீரை அவனே துடைக்கட்டும்; தரை முன்னைவிட நனைந்தாலும் பரவாயில்லை. இன்று தாய் சொன்னதை நாளை பாட்டியும் சொல்ல வேண்டும். வீட்டில் இப்படி நான்கு ஐந்து எல்லைகள் இருந்தால் போதும். கிணறு, அடுப்பு, சாலை இவற்றுக்கு மட்டும் பேச்சுவார்த்தையே கிடையாது.

கைப்பேசியைப் பற்றிக் கேட்பீர்கள். பிள்ளை சத்தம் போடாமல் இருக்கிறதே, அதன் விருப்பப்படிதானே பார்க்கிறது என்று சொல்லலாம். அங்கே விருப்பம் பிள்ளையுடையதாக இருப்பதில்லை. அடுத்த படத்தைக் கருவி தேர்ந்தெடுக்கிறது, பிள்ளை பார்க்கிறது. உலக நலவாழ்வு நிறுவனம் 2019-இல் தந்த வழிகாட்டுதலின்படி இரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் திரையே வேண்டாம்; இரண்டு முதல் நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. அதே வழிகாட்டுதல் மூன்று நான்கு வயதுப் பிள்ளைகள் ஒரு நாளில் 180 நிமிடங்களாவது ஓடியாட வேண்டும் என்கிறது.

இனி நாம் சொல்லப்போவதைப் பெற்றோர் கொஞ்சம் கவனமாகக் கேட்க வேண்டும். எல்லையை அன்பால் காக்க முடியாதபோது நாம் அச்சத்தைக் கூப்பிடுகிறோம். பூச்சாண்டி வருவான், போலீஸ் பிடித்துப் போகும், ஊசி போட்டுவிடுவார்கள். இதெல்லாம் ஒருபுறம் இருக்கட்டும். "சாமி கண்ணைக் குத்தும்" என்று சொல்லாத வீடு நம் பங்கில் எத்தனை? இன்னொன்றும் உண்டு: "ஃபாதர் வர்றார், வாயை மூடு." பங்குத்தந்தை வீடு சந்திக்க வந்தால் பிள்ளைகள் ஏன் கட்டிலுக்கு அடியில் ஒளிகிறார்கள் என்பதற்குக் காரணம் தேடி நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. இது சிரிப்பதற்குரியதுதான். ஆனால் கண்ணைக் குத்தும் சாமி அப்படியல்ல. ஒரு பிள்ளை கடவுளைப் பற்றிக் கேட்கும் முதல் செய்தி அது. ஐந்து வயதில் மனதில் பதிந்த அந்தக் கடவுளைச் சுமந்துகொண்டு ஐம்பது வயதில் ஒப்புரவு அருளடையாளத்துக்கு வருகிறவர்களை ஒவ்வொரு குருவும் அறிவார். மன்னிப்பு கிடைத்தது என்று சொன்னாலும் அவர்களால் நம்ப முடிவதில்லை. தம்ளர் எறிவதை நிறுத்துவதற்காக நாம் கொடுக்கும் விலை அவ்வளவு பெரியது. ஆண்டவர் இயேசு சிறு பிள்ளைகளைத் தம்மிடம் வரவிடச் சொன்னார். அங்கே அவர் தடுத்தது பிள்ளைகளை விரட்டிய பெரியவர்களை. சந்தையில் உட்கார்ந்து குழல் ஊதியும் ஒப்பாரி வைத்தும் விளையாடும் பிள்ளைகளைக்கூட அவர் கவனித்துப் பார்த்து, தம் போதனையில் உவமையாக எடுத்திருக்கிறார். நின்று பார்க்காதவரால் அப்படிச் சொல்லியிருக்க முடியாது.

புனித தொன்போஸ்கோவும் தம் இளைஞர்கள் ஓடவும் குதிக்கவும் கத்தவும் தாராளமாக இடம் கொடுத்தார். கூடவே ஆசிரியர்களையும் குருக்களையும் விளையாட்டுத் திடலிலேயே அவர்களோடு இருக்கச் செய்தார். பெரியவர் ஒருவர் அருகில் இருந்தால் அச்சுறுத்தலுக்கு வேலை குறைகிறது. எருசலேம் தெருவில் கோலோடு உட்கார்ந்திருந்த முதியவர்களின் வேலையும் இதுதான்.

கடைசியாக, ஞாயிறு திருப்பலியில் பிள்ளைகள் செய்யும் சத்தம். இது பற்றி நமக்கு வரும் புகார்கள் இரண்டு வகை. பிள்ளைகளை வெளியே அனுப்புங்கள் என்பது ஒன்று. எங்களை முறைத்துப் பார்க்கிறார்கள் என்று இளந்தாய்மார்கள் சொல்வது மற்றொன்று. சான் லொரென்சோவில் ஒரு நாள் மாண்டிசோரி நான்கு மாதக் குழந்தை ஒன்றைத் தாயிடமிருந்து வாங்கிக்கொண்டு வகுப்புக்குள் வந்தார். துணியில் சுற்றப்பட்ட அந்தக் குழந்தை அசையாமல் இருந்தது. "இது எவ்வளவு அமைதியாக இருக்கிறது பாருங்கள், உங்களால் முடியுமா?" என்று வேடிக்கையாகக் கேட்டார். பிள்ளைகள் கால்களைச் சேர்த்துக்கொண்டு, மூச்சைக்கூட மெதுவாக்கி அசையாமல் நின்றார்கள். அதிலிருந்து ஓர் ஆட்டம் பிறந்தது. ஆசிரியை பக்கத்து அறையில் மறைந்து நின்று ஒவ்வொருவர் பெயரையும் கிசுகிசுப்பாக அழைப்பார். பெயர் கேட்ட பிள்ளை நாற்காலியில் இடிக்காமல், சத்தமில்லாமல் நடந்து அவரிடம் போக வேண்டும். நாற்பது ஐம்பது பிள்ளைகள் தங்கள் பெயருக்காகக் காத்திருக்கும் அந்த அமைதியை அதட்டி வாங்கியிருக்க முடியாது.

இதை வீட்டில் செய்து பாருங்கள். சனிக்கிழமை மாலை, மின்விசிறியையும் தொலைக்காட்சியையும் நிறுத்திவிட்டு ஒரு நிமிடம் போதும். என்ன கேட்டது என்று பிள்ளையிடம் கேளுங்கள். காகம், பக்கத்து வீட்டுக் குக்கர், தூரத்தில் ரயில் என்று சொல்லும். ஞாயிற்றுக்கிழமை பிள்ளையைக் கடைசி வரிசையில் உட்கார வைக்காதீர்கள். அங்கிருந்து அதற்குப் பெரியவர்களின் முதுகுதான் தெரியும். பீடம் தெரியும்படி முன்னால் அழைத்து வாருங்கள். நிற்கலாம், உட்காரலாம், பாயில் தவழலாம், காதோடு கேள்வி கேட்கலாம். பீடத்தின் படியைத் தாண்டக் கூடாது, மெழுகுதிரியைத் தொடக் கூடாது. இந்த இரண்டை வீட்டிலேயே முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள். எழுந்தேற்றத்தின்போது மணி அடித்ததும், சனிக்கிழமை ஆடிய ஆட்டத்தை நினைவூட்டிக் காதில் ஒரு சொல் சொல்லுங்கள். அழுதால் வெளியே கொண்டுபோய், அழுகை நின்றதும் திரும்பக் கொண்டுவாருங்கள். முறைத்துப் பார்க்கிறவர்களிடம் நாம் பேசிக்கொள்கிறோம்.